பினாங்குப் பக்கம்

மலேசியத் தமிழ் இதழியலின் வரலாறு பெரும்பாலும் கோலாலம்பூரை நடுவில் வைத்தே எழுதப்பட்டு வருகிறது. நாளிதழ்களின் தலைமையகங்களும் அச்சகங்களும் அங்கே இருப்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் இந்நாட்டில் செய்தித்தாள் என்பது முதன்முதலில் அச்சேறியது பினாங்குத் தீவில்தான். 1806 மார்ச் 1ஆம் நாள் 'கவர்ன்மெண்ட் கெசட்' என்ற பெயரில் தொடங்கி, விரைவிலேயே 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஐலண்ட் கெசட்' எனப் பெயர் மாறி, 1827 வரை நடந்த ஆங்கில வார ஏடே அது. அதன் பின் 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் நடத்திய 'வித்தியா விசாரிணி' தமிழிலும், 1903இல் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆங்கிலத்திலும், 1910 டிசம்பரில் சன் யாட் சென் ஆர்மேனியன் தெருவில் தொடங்கிய 'குவோங் வா யிட் போ' சீனத்திலும், 1928இல் சையத் ஷேக் அல்-ஹாடியின் 'சவுடாரா' ஜாவி எழுத்தில் மலாயிலும் இவ்வூரிலிருந்தே வெளிவந்தன. இன்று நாடெங்கும் விற்கும் 'தி ஸ்டார்' நாளேடுகூட 1971 செப்டம்பரில் பினாங்கு வட்டாரத்துக்கான சிற்றேடாகப் பிறந்ததுதான். 1976இல் நாடளாவிய ஏடாக வளர்ந்த பிறகே அதன் தலைமையிடம் தெற்கே நகர்ந்தது. எண்பது ஆண்டுக்கு மேல் வெளிவந்த 'எக்கோ' 1986இல் நின்றது. சீன நாளேடுகளைத் தவிர்த்துப் பார்த்தால், இத்தனை ஏடுகள் பிறந்த ஊரில் அதற்கென்றே அச்சாகும் நாளேடு இல்லாமல் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

ஆகவே பினாங்குத் தீவின் நகரான ஜார்ஜ்டவுனில் வாழும் தமிழ் வாசகரைப் பொறுத்தவரை உள்ளூர்ப் பத்திரிகையின் தேய்வு இரண்டு கட்டங்களில் நிகழ்ந்தது என்று சொல்வதே சரியாகும். ஊருக்கென்று இருந்த ஏடுகள் மறைந்து, கோலாலம்பூர் நாளிதழில் ஒரு பக்கமாக ஊர் சுருங்கியது முதல் கட்டம். அந்த நாளிதழ்களே மெலிந்து, அந்த ஒரு பக்கமும் அரைப்பக்கமாகி, பின்பு சில நாள்களில் அறவே இல்லாமல் போனது இரண்டாம் கட்டம். 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்', மலேசியாவின் மிகப் பழைய தமிழ் நாளிதழ், 2019இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டபோது பேசப்பட்டதெல்லாம் தொண்ணூற்று நான்கு ஆண்டு மரபு முடிந்தது பற்றியே. அதனுடன் ஊர் ஊராக நிருபர்கள் அனுப்பிவந்த செய்திகளுக்கான இடமும் மறைந்தது என்பதை எழுதியவர் மிகச் சிலர். அதே காலத்தில் 1896 முதல் வந்துகொண்டிருந்த 'மலாய் மெயில்' 2018 டிசம்பரில் அச்சைக் கைவிட்டு இணையத்துக்கு மாறியது. 'உத்துசான் மலேசியா' 2019 அக்டோபரில் நின்று மறு ஆண்டு மீண்டும் வந்தது. இந்தப் பெரிய ஏடுகளின் பெயர்களே நினைவில் நிற்கின்றன. வட்டாரப் பக்கத்துக்கு இரங்கல் எழுதும் வழக்கம் இல்லை.

'வட்டாரப் பக்கம்' என்பது நாளிதழின் உட்பகுதியில் ஒரு மாநிலத்துக்கோ, அண்டை மாநிலங்கள் சிலவற்றுக்குச் சேர்த்தோ ஒதுக்கப்படும் பக்கம். பினாங்கு, கெடா, பெர்லிஸ் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். இப்பக்கத்தை நிரப்புபவர் 'பகுதி நிருபர்'. அதாவது மாதச் சம்பளம் இல்லாமல், அச்சான செய்திக்கும் படத்துக்கும் மட்டும் கணக்குப் பார்த்துச் சிறு தொகை பெறுபவர். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்தவர்கள்தாம் பெரும்பாலோர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஆலயச் செயலாளர், காப்புறுதி முகவர், சிறு அச்சகக்காரர். இக்கட்டுரையை எழுதுபவரும் இந்த வரிசையில் வந்தவரே என்பதால், கீழே சொல்லப்படுவன செய்து பழகியவரின் பார்வையிலிருந்து வருவனவாகக் கொள்ளலாம்.

தொலைநகல் பரவுவதற்கு முன், செய்தியைக் கையால் எழுதி, படச்சுருளோடு உறையிலிட்டு, பட்டர்வொர்த்திலிருந்து தலைநகருக்குப் புறப்படும் பேருந்திலோ இரவு இரயிலிலோ கொடுத்துவிட வேண்டும். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை தீவிலிருந்து அதற்கும் ஃபெரி ஏறியாக வேண்டும். கோலாலம்பூரில் அச்சான நாளிதழ் மறுபடியும் ஏறத்தாழ முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர் வடக்கே வந்து விடியுமுன் முகவர் கைக்குக் கிடைக்க வேண்டியிருந்ததால், வடக்குக்கான பக்கங்கள் மற்றப் பக்கங்களைவிட முன்னதாகவே முடிக்கப்பட்டன. மாலை ஏழு மணிக்கு மேல் பினாங்கில் நடந்த எதுவும் மறுநாள் தாளில் வராது என்பது எழுதப்படாத சட்டம். இதனால் நிருபருக்கு ஒரு பழக்கம் படிந்தது: முந்திக்கொண்டு சொல்ல முடியாது என்று தெரிந்திருந்ததால், சரியாகச் சொல்வதில் கவனம் போயிற்று. கூட்டம் முடிந்த பின்னும் நின்று பெயர்களைக் கேட்டு எழுதுவது, முதலெழுத்தைச் சரிபார்ப்பது, நன்கொடைத் தொகையைப் பொருளாளரிடம் மீண்டும் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது என்று அது வளர்ந்தது. ஒருவர் பெயர் தவறாக வந்தால் மறுவாரம் அவரையே சந்தையில் பார்த்தாக வேண்டும் என்ற நிலையில், இதைவிடக் கடுமையான ஆசிரியர் குழு வேறு தேவைப்படவில்லை.

அப்பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்று ஒருவர் புரட்டிப் பார்த்தால் முதலில் சலிப்பே தோன்றக்கூடும். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், ஆலயக் குடமுழுக்கு, பரிசளிப்பு விழா, காணாமற்போன முதியவர், குடியிருப்பில் புகுந்த வெள்ளம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைக்க அனுமதி கோரும் அமைப்புகளுக்கான அறிவிப்பு. இவற்றுள் எதுவும் தலைநகரில் செய்தியாகாது. ஆயினும், 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படும் மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாற்றில், இம்மாநிலத்தின் இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகளுள் எந்தப் பள்ளிக்கு எப்போது கட்டடம் வந்தது, நிலம் யார் கொடுத்தார், இடமாற்றத்தை யார் எதிர்த்தார் என்பதற்குத் தமிழில் நாள் குறித்துக் கிடைக்கும் சான்று இந்தச் சலிப்பூட்டும் பத்திகளே.

அவற்றினும் கூர்ந்து பார்க்க வேண்டியது இரங்கல் விளம்பரம். வெளியூர் ஆய்வாளர்கள் இதனை வருமானக் கணக்கில் மட்டும் சேர்த்துவிடுகின்றனர். மறைந்தவரின் படம், பிறந்த நாள், இறந்த நாள், வீட்டு முகவரி, நல்லடக்கம் அல்லது தகனம் நடைபெறும் நேரம், பத்து லாஞ்சாங் மயானம் போன்ற இடக்குறிப்பு, அதன்கீழ் மனைவி அல்லது கணவர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசைப்படி பெயர்கள்; பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு ஓர் அறிவிப்பு, முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கு மற்றொன்று, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. இதனைப் பெற்றுக்கொள்பவர் குடும்பத்தாரை உட்காரவைத்து ஒவ்வொரு பெயரையும் திரும்பப் படித்துக்காட்ட வேண்டும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் அது அச்சுப் பிழையாக எடுத்துக்கொள்ளப்படாது, குடும்பம் வேண்டுமென்றே விட்டதாகவே ஊர் படிக்கும். பெயரின் எழுத்துக்கூட்டலும் எளிதன்று. அடையாள அட்டை, நிலப் பட்டா, மரணச் சான்றிதழ் எல்லாம் ரோமன் எழுத்திலேயே இருந்ததால், பதிவேட்டில் எழுத்தர் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரிலிருந்து தமிழ்ப் பெயரை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. பால்மரம் சீவி வாழ்ந்து முடித்த ஒரு தாயின் பெயர் பொதுவெளியில் தமிழில் அச்சானது வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அதுவும் அவர் பார்க்க இயலாத நாளில் என்பது இத்தொழிலில் இருந்தவர்கள் அனைவரும் அறிந்த உண்மை.

அவ்விளம்பரத்தின் இன்னொரு வரியும் கவனத்துக்குரியது. பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'முன்னாள் பைராம் தோட்டம்', 'முன்னாள் கலிடோனியா தோட்டம்' என்று ஒரு குறிப்பு வரும். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென்பகுதியில் இருந்த இரப்பர், செம்பனைத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பிறை, கூலிம், சுங்கைப் பட்டாணி, ஈப்போ என்று சிதறின. பத்து காவான் தோட்டம் இருந்த நிலப்பரப்பில் இன்று தொழிற்பேட்டையும், 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் முகப்பும் நிற்கின்றன. சிதறியவர்களுக்கிடையே முகவரிப் புத்தகம் எதுவும் இல்லை. அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டே நாற்பது ஆண்டுக்கு முன் அடுத்த லயத்தில் குடியிருந்தவர், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் பக்கத்துக் கதவுக்காரர், பேருந்து ஏறிச் சாவு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நாளிதழ் நின்ற பிறகு உறவினர்களுக்குச் செய்தி வேகமாகவே போகிறது. உறவல்லாத இவருக்குப் போவதில்லை.

இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதே இப்பொருளில் மிக முக்கியமானது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. மலேசியத் தமிழர் 'புலனம்' என்று வழங்கும் வாட்ஸ்அப் செயலியில் ஆலயத்துக்கு ஒரு குழு, பள்ளிக்கு ஒரு குழு, குடியிருப்புக்கு ஒரு குழு உண்டு. திருவிழா நேரமும் சாலை அடைப்பும் நொடியில் தெரிந்துவிடுகின்றன. அவை பயனுள்ளவை, அவற்றைக் குறைகூறுவதில் பொருளில்லை. எனினும் குழுவில் இருப்பவர்கள் ஏற்கெனவே அறிமுகமானவர்கள். ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரவர் ஒரே நாளில் ஒரே செய்தியைப் படித்தனர் என்ற நிலையை அவற்றால் உண்டாக்க முடியவில்லை. ஆலய நிர்வாகத்தின் கணக்கில் ஐயம் எழுந்தால் குழுவின் பொறுப்பாளர் அதை எழுப்பியவரை நீக்கிவிடலாம். நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அது வந்துவிட்டால் மறுப்பும் அதே பகுதியில், அதே எழுத்தளவில் வந்தாக வேண்டும். வெளியீட்டாளரின் பெயரும் அச்சகத்தின் முகவரியும் தாளிலேயே இருந்தன. தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது எல்லாருக்கும் தெரியும். 1984ஆம் ஆண்டின் அச்சு இயந்திர, வெளியீட்டுச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் 2012 வரை இருந்ததாலும், 1987 அக்டோபரில் 'தி ஸ்டார்' உள்ளிட்ட மூன்று ஏடுகளின் உரிமம் முடக்கப்பட்டதை எல்லா ஆசிரியர்களும் மறவாதிருந்ததாலும், அந்த நாளிதழ்கள் முழுச் சுதந்திரத்தோடு எழுதின என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடங்கி எழுதிய காலத்திலும் அடைபட்ட சாக்கடையைப் பற்றியும் கடை உரிமத்தைப் பற்றியும் எழுத இடம் இருந்தது. ஊர் மக்களின் அன்றாட வாழ்வு நடப்பதும் அந்த அளவில்தான்.

ஜார்ஜ்டவுனில் உள்ளூர்ச் செய்தி முக்கியமாவதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. போருக்குப் பிந்தைய மலாயாவின் முதல் ஊராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் இந்நகரில்தான் நடந்தது. 1957 ஜனவரி 1ஆம் நாள் மாநகரமானபோது அதன் முதல் மேயராகத் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர் பொறுப்பேற்றார். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் உறுப்பினர்கள் நியமனம் பெறுபவர்களாயினர். தேர்தலை மீட்கப் பினாங்கு மாநிலம் 2012இல் இயற்றிய சட்டமும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் செல்லுபடியாகவில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு மன்றத்தின் முன், குடிமக்களின் குரலைத் தேதியிட்டு வைத்தது உள்ளூர்ச் செய்தியே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டின் முதல் நாளோடு விலக்கப்பட்டபோது, பழைய நகர்ப்பகுதியில் தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, குயின் தெரு என்று இன்று 'லிட்டில் இந்தியா' எனப்படும் வட்டாரத்தின் மேல்மாடிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபிடமாக அறிவித்தபோது கட்டடங்கள் காக்கப்பட்டன; அவற்றில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதை அறிய விரும்புபவர் அக்கால வட்டாரப் பக்கங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

உள்ளூர்ச் செய்தி மறைந்தால் மன்றங்களைக் கவனிப்பவர் இல்லாமற்போவதை வெளிநாட்டு அனுபவமும் காட்டுகிறது. உள்ளூர் ஏடுகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்ட அமெரிக்காவில், செய்தித்தாள் இல்லாமற்போன மாவட்டங்களைச் 'செய்திப் பாலைவனம்' என்று ஆய்வாளர் குறிப்பிடுகின்றனர். அங்கே ஏடு மூடப்பட்ட பின் உள்ளாட்சி அமைப்புகள் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டி கூடுகிறது என்று நிதியியல் ஆய்வாளர் மூவர் காட்டியுள்ளனர். பார்த்துக்கொண்டிருப்பவர் இல்லை என்பதைக் கடன் கொடுப்பவர்களும் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் என்பவர் ஊருக்கு எவ்வாறு பயன்பட்டார் என்பதற்குப் பினாங்கில் இன்னும் பெரிய சான்று உண்டு. 1930களில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ'வின் ஆசிரியராக இருந்தவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. 1941 டிசம்பர் 11 முதல் ஜப்பானிய விமானங்கள் நகரைக் குண்டுவீசித் தாக்கின. அடுத்த சில நாள்களில் ஆங்கிலேயர் தம் மக்களை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிக்கொண்டு சென்றுவிட்டனர். ஆட்சியாளர் இல்லாத நகரில் உணவுப் பங்கீட்டையும் காவலையும் கவனிக்க எல்லா இனத்தவரும் சேர்ந்து அமைத்த குழுவில் முன்னின்றவரும், கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும், நகரில் படை இல்லை, குண்டு வீச வேண்டாம் என்று வானொலி வழியே ஜப்பானியருக்கு அறிவிக்கச் செய்தவரும் அவரே. அவருக்குப் பதவி எதுவும் இல்லை. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அவர் எழுத்தை ஆண்டுக்கணக்கில் படித்திருந்ததால் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. தலைநகரில் இருந்துகொண்டு தொலைவிலுள்ள ஊரைப் பற்றி எழுதும் எவருக்கும், அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், இந்த மதிப்பு வாய்ப்பதில்லை.

தமிழ் ஏடுகள் வாசகரைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்ததும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேடியதும், அதன் 'மாணவர் மணிமன்றம்' ஒரு தலைமுறை எழுத்தாளரை உருவாக்கியதும், 1950இல் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' மலேசியச் சிறுகதைக்கு அடித்தளமிட்டதும் பலரும் அறிந்தவை. மலாய் ஏடுகளிலும் இது நடந்தது: பினாங்கின் 'சவுடாரா'வின் ஒரு பத்தியிலிருந்து பேனா நண்பர் இயக்கமே கிளம்பி 1934இல் நாடளாவிய மலாய்ச் சங்கமாயிற்று.

இந்தத் தேய்வுக்கு இணையம் ஒன்றையே காரணம் காட்டுவது எளிது. பினாங்கைப் பொறுத்தவரை அது முழு உண்மையாகாது. தோட்டம் இருந்தவரை ஒட்டுக்கடையில் வாங்கிய ஒரு நாளிதழைப் பத்துப் பேர் படித்தனர். படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் படித்துச் சொன்னார். தோட்டம் கலைந்தபோது வாங்கும் இடமும் கூடிப் படிக்கும் இடமும் ஒருங்கே கலைந்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர் பலருக்கு அதன்பின் தமிழில் படிக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கான பயிற்சித் தாள்களைத் தமிழ் நாளிதழ்கள் வெளியிட்டுவந்தன. அவை வரும் நாள்களில் தமிழ்ப்பள்ளிகள் மொத்தமாக வாங்கின. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டதோடு அந்த உறுதியான விற்பனையும் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டில் கடைகள் அடைபட்டு, காலையில் நாளிதழ் வாங்கும் பழக்கம் விட்டுப்போனவர்களுள் பலர் பிறகு திரும்பவில்லை. முகவருக்குக் கிடைக்கும் கழிவு பெட்ரோல் செலவுக்கே போதாதபோது, நாலு வீட்டுக்காக ஒரு தாமானுக்குள், அதாவது வீடமைப்புப் பகுதிக்குள், வண்டியைத் திருப்புமாறு அவரிடம் கேட்க முடியாது.

குவோங் வா நூற்றாண்டைக் கடந்தும் பினாங்கிலிருந்தே வருகிறதே என்று கேட்கப்படுவதுண்டு. குலச் சங்கங்கள், வணிகக் கழகங்கள், சீன இடைநிலைப்பள்ளிகள், உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் ஆகியவை அதன் பின்னே நிற்கின்றன. மாநில மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கே உள்ள இந்தியச் சமூகம் அந்த அளவைத் தனியே எட்ட இயலாது. ஆனால் லிட்டில் இந்தியாவின் நகைக்கடைகளும் துணிக்கடைகளும் தீபாவளிக்குச் செலவிடும் விளம்பரப் பணத்தில் பெரும்பகுதி முகநூலுக்குப் போய்விட்ட பிறகு, உள்ளூர்ப் பக்கம் ஒன்றைத் தாங்கும் பணம் இச்சமூகத்திடம் இல்லை என்று சொல்வதும் சரியன்று. இப்போது தமிழில் ஒழுங்காக வரும் பினாங்குச் செய்திகளில் ஒரு பகுதி மாநில அரசு இலவசமாக வெளியிடும் 'புலெத்தின் முத்தியாரா' வழியே வருகிறது. அது செம்மையாகவே தயாரிக்கப்படுகிறது. எனினும் அரசின் ஏடு அரசைப் பற்றிக் கேள்வி கேட்கும் என்று எதிர்பார்ப்பது அதற்கும் வாசகருக்கும் நியாயமாகாது.

எஞ்சியிருப்பதில் உடனே கவனிக்க வேண்டியது பழைய தாள்களின் நிலை. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 'தமிழ் முரசு' இதழ்களை எண்ணிமமாக்கி, அதாவது பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் தேடும்படி செய்து, பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளது. மலேசியத் தமிழ் நாளிதழ்களுக்கு அவ்வாறு யாரும் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கும் வசதி இல்லை. நிருபர்களின் வீடுகளில், தம் செய்தி வந்த பக்கங்களை வெட்டி ஒட்டிய நோட்டுப் புத்தகங்களும், ஆலய அலுவலகங்களில் குடமுழுக்கு ஆண்டின் கட்டுகளும், பள்ளி நூலகங்களில் கரையான் அரித்த தொகுதிகளும் இன்னும் இருக்கின்றன. செய்தித்தாள் அமிலம் கலந்த மலிவான தாளில் அச்சாவது. இத்தீவின் ஈரக்காற்றில் அது பழுப்பேறி மடிப்பில் உடைவதற்கு நெடுங்காலம் ஆவதில்லை. நிருபர் ஒருவர் மறைந்தால், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்யும்போது முதலில் எடைக்குப் போவது அந்த நோட்டுப் புத்தகங்களே. கைப்பேசியிலேயே தெளிவாகப் படமெடுக்க முடிகிற இக்காலத்தில், இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் தத்தம் வட்டாரத்தில் கிடைப்பதை நாள் குறித்துப் படமெடுத்து ஓரிடத்தில் சேர்க்கத் தொடங்கினால், 1950 முதல் 2019 வரையிலான பினாங்குப் பக்கங்களில் கணிசமானவற்றை மீட்க முடியும். அப்பணிக்குப் பெயர்களை அடையாளம் காட்டக்கூடிய பழைய பகுதி நிருபர்கள் சிலர் ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் நிபோங் திபாலிலும் இன்னும் இருக்கிறார்கள். முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அவர்களை.